உறையூர்த் தோணித்துறை முதல் பொன்னியின் செல்வன் வரை: கல்கியின் வாழ்வில் காலப்பயணக் கதையும் சித்திரமும்

ஆய்வுச்சுருக்கம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் (1899-1954) வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் விடுதலைப் போராட்ட வீரர், இதழாசிரியர், நாவலாசிரியர் என்னும் மூன்று நிலைகளில் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. வாசகரை இறந்த காலத்திற்கு அழைத்துச் செல்லும் கதைசொல்லி, அப்பயணத்திற்குச் சித்திரத்தைத் துணையாக அமைத்துக்கொண்ட இதழாளர் என்னும் நோக்கில் அவரது வாழ்வை இக்கட்டுரை தொகுத்துக் காண்கிறது. திருச்சிராப்பள்ளி, உறையூர், திருவரங்கம் ஆகிய காவிரிக்கரை இடங்கள் அவரது வாழ்விலும் கதைகளிலும் பெறும் இடம் சுட்டப்படுகிறது. ஓவியங்கள் நீக்கப்பட்ட இன்றைய பதிப்புகள் அவரது படைப்பின் ஒரு கூற்றை இழந்துள்ளன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கல்கி, பார்த்திபன் கனவு, பொன்னியின் செல்வன், மணியம், தொடர்கதை, உறையூர், பதிப்பியல்.

1. முன்னுரை

இறந்த காலத்திற்குள் வாசகரை உடலோடு கொண்டுசெல்வதாகப் பாவிக்கும் கதைவகை உலக இலக்கியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. எச். ஜி. வெல்ஸ் 1895-இல் அதற்கு ஓர் இயந்திரத்தைப் படைத்தார். சிறுவர்க்கென எழுதிய எடித் நெஸ்பிட், 1906-இல் நூலாக வெளிவந்த தாயத்தின் கதையில், பழங்காலத் தாயத்து ஒன்றின் வழியே குழந்தைகளை எகிப்துக்கும் பாபிலோனுக்கும் அனுப்பினார். அக்கதை முதலில் ஸ்டிராண்ட் இதழில் எச். ஆர். மில்லரின் ஓவியங்களுடன் தொடராக வந்தது. நூல் பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் வாலிஸ் பட்ஜுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. கதைசொல்லி, ஓவியர், வரலாற்றறிஞர் என்னும் மூவரின் கூட்டுறவில் அந்நூல் உருவாயிற்று எனலாம்.

தமிழில் இத்தகைய மூவர் கூட்டுறவு முழுமையாக அமைந்தது கல்கியின் வரலாற்றுத் தொடர்கதைகளில்தான். அவற்றில் இயந்திரமும் இல்லை, தாயத்தும் இல்லை. ஆறும் ஓடமும் சித்திரமும் அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. சிறுவர் நூல்கள் என்று அவை எழுதப்படவில்லை. ஆயினும், வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் நிலவிய காலத்தில், தலைமுறை தலைமுறையாக இளையோர் சோழ, பல்லவ வரலாற்றுக்குள் முதன்முதலில் நுழைந்த வாயில் அவையே. அவ்வாயிலை அமைத்தவரின் வாழ்க்கை எங்ஙனம் அதற்கு அவரை ஆயத்தப்படுத்தியது என்பதே இங்கு வினா.

2. புத்தமங்கலமும் திருச்சிராப்பள்ளியும்

கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர், அன்னையார் தையல்நாயகி. தந்தையார் ஊர்க் கணக்கர். காவிரி பாயும் கழனிகளுக்கிடையே பிள்ளைப்பருவம் கழிந்தது. ஊர்ப்பள்ளியிலும் மாயூரத்திலும் பயின்றபின், உயர்நிலைக் கல்விக்காகத் திருச்சிராப்பள்ளி தேசிய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அவர் மாணவராக வாழ்ந்த திருச்சிராப்பள்ளி, பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நகரம். மலைக்கோட்டைக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. அங்குள்ள கங்காதரர் சிற்பமும் வடமொழிக் கல்வெட்டும் பல்லவக் கலையின் தலைசிறந்த சான்றுகள். காவிரியையும் சோழ நாட்டின் வளத்தையும் காண விழைந்த சிவபெருமானுக்கு இக்குன்றின் மேல் மன்னன் இருப்பிடம் அமைத்தான் என்னும் கருத்தை அக்கல்வெட்டுத் தருகிறது. குன்றின் மேற்கே சங்ககாலச் சோழர் தலைநகராகிய உறையூர். வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அரங்கத்தில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் உள்ள திருவரங்கக் கோயில். பல்லவ வேந்தன் சோழ நாட்டின் நடுவே நின்று காவிரியை நோக்கும் இந்நிலக்காட்சிக்கும், பின்னாளில் கல்கி எழுதிய பல்லவர்-சோழர் கதைகளின் அடிப்படை முரணுக்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது.

1921-இல் பள்ளியிறுதித் தேர்வு அண்மையில் இருந்தபோது, காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுக் கிருஷ்ணமூர்த்தி பள்ளியை விட்டு வெளியேறினார். எளிய குடும்பத்து இளைஞர் ஒருவருக்குப் பள்ளியிறுதிச் சான்றிதழ் என்பது அரசுப் பணிக்கும் நிலையான வருவாய்க்கும் திறவுகோலாக இருந்த காலம் அது. அதனைத் துறந்தது மீளமுடியாத முடிவாயிற்று. 1922-இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. முறையான உயர்கல்வி அத்துடன் நின்றது. வரலாற்றை அவர் வகுப்பறையில் கற்கவில்லை. வயது முதிர்ந்தபின் தாமே தேடிப் படித்தார். கற்றோர் நூல்களில் அடங்கிக் கிடந்த வரலாற்றைப் பள்ளிக்கல்வி நிறைவுறாத வாசகருக்கும் எட்டச் செய்யவேண்டும் என்னும் அவரது விழைவை இப்பின்னணியோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

3. நவசக்தி முதல் ஆனந்த விகடன் வரை

1923-இல் திரு. வி. க.வின் நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். 1924-இல் ருக்மணியை மணந்தார். காந்தியடிகளின் தன்வரலாற்றைத் தமிழாக்கியது அவரது உரைநடையைச் செப்பஞ்செய்த பயிற்சியாயிற்று. 1927-இல் முதல் நூலாகிய சாரதையின் தந்திரம் வெளிவந்தது. பின்னர்த் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் இருந்து, மதுவிலக்குக்காக 1929-இல் தொடங்கப்பட்ட விமோசனம் இதழில் பணிபுரிந்தார்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் இல்லத்திலிருந்து இராஜாஜி தலைமையில் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகப் பயணம் புறப்பட்டது. ராஜன் திருவரங்கத்தவர். ஏறத்தாழ நூறு தொண்டர்கள் தஞ்சை மாவட்டத்தின் வழியே கடற்கரை நோக்கி நடந்தனர். அதே சட்டமறுப்புக் காலத்தில் கிருஷ்ணமூர்த்தியும் ஆறு மாதம் சிறையிலிருந்தார்.

ஏட்டிக்குப் போட்டி என்னும் கட்டுரையால் ஆனந்த விகடனில் அறிமுகமான அவர், 1931-இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். எஸ். எஸ். வாசனின் விகடனில் அவர் கற்ற முதன்மையான பாடம், எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இணைந்து இயங்கவேண்டும் என்பது. மாலியின் கோட்டோவியங்கள் அவ்விதழின் முகமாக விளங்கிய காலம் அது. தியாகபூமி தொடர்கதை, கே. சுப்ரமணியம் இயக்கிய அதே பெயருடைய திரைப்படத்தின் நிழற்படங்களோடு வெளிவந்தது. 1939-இல் திரைக்கு வந்த அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடைசெய்தது. கதையை வாரந்தோறும் படித்தவர், அதன் மாந்தரை முகத்தோடு கண்டனர். பின்னாளைய வரலாற்றுத் தொடர்களின் அமைப்புக்கு இது முன்னோடி எனக் கொள்ளலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சமகாலக் கதைக்கு நடிகரின் நிழற்படம் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் நிழற்படம் இல்லை. அவ்விடத்தை ஓவியரே நிரப்பவேண்டியதாயிற்று.

4. உறையூர்ச் சித்திர மண்டபம்

விகடனை விட்டு விலகியபின், தி. சதாசிவத்துடன் இணைந்து 1941 ஆகஸ்ட் 1 அன்று கல்கி இதழைத் தொடங்கினார். சாவித்திரி திரைப்படத்தில் நடித்ததற்காக எம். எஸ். சுப்புலட்சுமி பெற்ற ஊதியம் இதழின் முதலுக்குத் துணையாயிற்று. அவ்விதழில் வெளிவந்த முதல் வரலாற்றுத் தொடர் பார்த்திபன் கனவு (1941-43).

அதன் களம் உறையூர். கதை காவிரிக்கரைத் தோணித்துறையில், படகோட்டி பொன்னனிடமும் அவன் மனைவி வள்ளியிடமும் தொடங்குகிறது. பல்லவருக்குத் திறை செலுத்த மறுத்துப் போருக்கு எழும் பார்த்திப சோழன், போருக்கு முன் தன் மகன் விக்கிரமனுக்கு அரண்மனையில் மறைவாக வைத்திருந்த சித்திர மண்டபத்தைத் திறந்து காட்டுகிறான். புலிக்கொடி உயர்த்திய படைகள், கடல் கடக்கும் மரக்கலங்கள் எனச் சோழரின் வருங்கால மேன்மையை அம்மன்னன் தன் கையாலேயே தீட்டி வைத்திருக்கிறான். நாவலின் பெயர் சுட்டும் கனவு இச்சித்திரங்களே.

இக்காட்சி கல்கியின் கலைக்கொள்கையை உள்ளடக்கியது. சித்திரம் இங்கு அலங்காரம் அன்று. ஒரு தலைமுறை காணாத காலத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் கருவி. பார்த்திபனைப் பொறுத்தவரை அது வருங்காலம்; 1941-இன் வாசகரைப் பொறுத்தவரை கடந்த காலம். மண்டபத்துச் சுவரில் இவ்விரு காலங்களும் சந்திக்கின்றன. கனவு விக்கிரமனின் வாழ்நாளில் நிறைவேறுவதில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து இராஜராஜன், இராஜேந்திரன் காலத்தில் நிறைவேறுவதாகக் கதை முடிகிறது. அந்நிய ஆட்சிக்குத் திறை மறுத்த மன்னனின் கதை, ஆகஸ்ட் புரட்சி நிகழ்ந்த 1942-ஐ உள்ளடக்கிய ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. விடுதலையைத் தாம் காணாவிடினும் தம் மக்கள் காண்பர் என்னும் நம்பிக்கையை அக்கால வாசகர் அதில் உணர்ந்திருக்க இடமுண்டு. சிற்றரசன் ஒருவனின் தோல்வியை எழுதியவர், மும்முறை சிறை சென்றவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

5. மாமல்லையும் அஜந்தாவும்

சிவகாமியின் சபதம் (1944-46) உருவான வரலாற்றை ஆசிரியரே பதிவுசெய்துள்ளார். ரசிகமணி டி. கே. சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, பல்லவர் காலத்து மாந்தர் கண்முன் எழுந்து உலவுவதாகத் தோன்றிய அனுபவமே அதன் வித்து. நாவல் வடிவம் பெறப் பல ஆண்டுகள் ஆயின. இங்குக் கல்லே காலத்தின் கதவு.

அக்கதையில் ஆயனச் சிற்பி நாடித் திரியும் பொருள் அஜந்தா வர்ண இரகசியம். ஆண்டுகள் பல கடந்தும் மங்காத வண்ணத்தைச் செய்யும் முறை அது. பொன்னோ நிலமோ வேண்டாமல், காலத்தை வெல்லும் வண்ணத்தை மட்டும் வேண்டும் ஒரு கலைஞனைக் கதையின் மையத்தில் நிறுத்தியதும், ஓவியத்திலும் வல்லவனாகிய மகேந்திரவர்மனைக் கதையை இயக்கும் அறிவாக அமைத்ததும் தற்செயல் அல்ல. பார்த்திபன் கனவில் சித்திரம் காலத்தைக் கடந்து செய்தி சொல்கிறது. சிவகாமியின் சபதத்தில் சித்திரம் காலத்திற்கு எதிரே நிலைத்து நிற்க முயல்கிறது. எழுதப்பட்ட வரிசையில் பின்னது இரண்டாவது; கதைநிகழ் காலத்தில் அதுவே முதலாவது. வாசகரை ஒரு தொடரிலிருந்து அடுத்ததற்குக் காலத்தில் பின்னோக்கி நகர்த்தும் அமைப்பு இது.

1950-இல் வந்த மோகினித் தீவு இப்போக்கின் சுருக்கமான வடிவம். இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலிருந்து தப்பி வரும் கப்பல் ஒரு தீவருகே நிற்க, கரையிறங்கிய பயணி நிலவொளியில் சோழ இளவரசனையும் பாண்டிய இளவரசியையும் சந்திக்கிறான். அவர்களே தம் கதையைக் கூறுகின்றனர். குண்டுவீச்சுக் காலமும் முடியரசுக் காலமும் ஒரே இரவில் ஒரே பாறையில் அமர்கின்றன. நிகழ்ந்தது கனவா நனவா என்னும் ஐயம் தீர்க்கப்படாமலே விடப்படுகிறது.

6. பொன்னியின் செல்வன்: ஆறும் அரங்கமும்

1950 அக்டோபர் 29 அன்று தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் நீடித்த பொன்னியின் செல்வன், புது வெள்ளம் முதல் தியாகச் சிகரம் ஈறாக ஐந்து பாகங்கள் உடையது. தொடக்கத்திலேயே ஆசிரியர் காலத்தைப் பெருக்காகவும் கற்பனையைப் படகாகவும் உருவகித்து, வாசகரை அதில் ஏற்றி ஏறத்தாழ பத்து நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுசெல்கிறார். படகு கரைசேரும் நாள் ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. இடம் வீரநாராயண ஏரிக்கரை. காலப்பயணத்திற்கு அவர் தேர்ந்த நாள் நுட்பமானது. திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் மக்கள் திரண்டு புதுப்புனலை வழிபடும் அதே நாள், பத்தாம் நூற்றாண்டிலும் அவ்வாறே கொண்டாடப்பட்டதாகக் காட்டும்போது, வாசகருக்குப் பழங்காலம் அயலாகத் தோன்றுவதில்லை. மாறாத ஒரு வழக்கம் இரு காலங்களையும் இணைக்கும் பாலமாகிறது.

இரண்டாவது பாலம் திருவரங்க மரபோடு தொடர்புடையது. வீரநாராயண விண்ணகரக் கோயிலில் ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாட, ஈசுவர முனிகளின் மகனாகிய சிறுவனும் பாசுரம் அறிந்தவனாகக் காட்டப்படுகிறான். அச்சிறுவனே பின்னாளில் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுக்கப்போகும் நாதமுனிகள் எனக் கதைசொல்லி காலத்தைத் தாண்டி வந்து அறிவிக்கிறார். திருவரங்கத்தில் இன்றும் நிகழும் அரையர் சேவையை நாதமுனிகளோடு தொடர்புறுத்துவது வைணவ மரபு. அம்மரபை அறிந்த வாசகருக்கு, அச்சிறுவனின் குரல் இன்றைய திருவரங்க மண்டபம் வரை ஒலிக்கும். காலக்கணிப்பு நோக்கில் இது விவாதத்திற்குரியது. குருபரம்பரை மரபு நாதமுனிகளை இன்னும் முற்பட்டவராகக் கொள்கிறது. ஆயினும் கதைசொல்லியின் நோக்கம் தெளிவு: வரலாற்றுப் பெயர் ஒன்றை அது பெயராகுமுன் குழந்தையாகக் காட்டுதல்.

இத்தகைய உரிமைகளை எடுத்துக்கொண்டவர், சான்றுகளைப் புறக்கணித்தவர் அல்லர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ஆய்வுகளும் அவருக்குத் துணைநின்றன. நீலகண்ட சாஸ்திரி 1929-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லுமுன் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டு நாவலின் முடிச்சுக்கு அடிப்படை. கல்வெட்டு கொலையாளிகளின் பெயரைத் தருகிறது. தூண்டியவர் யாரென்பதைத் தரவில்லை. நாவலும் அவ்வையத்தை முற்றாகத் தீர்க்கவில்லை. சான்று நிற்கும் இடத்தில் கதை தயங்கி நிற்பது கல்கியின் வரலாற்று நேர்மைக்கு அடையாளம்.

7. மணியத்தின் தூரிகை

மூவர் கூட்டுறவில் மூன்றாமவர் மணியம் எனப்பட்ட டி. யு. சுப்பிரமணியம் (1924-1968). பொன்னியின் செல்வன் தொடங்கியபோது அவருக்கு வயது 26. கதைக்களத்தைக் காணக் கல்கி இலங்கை சென்றபோது மணியமும் உடன் சென்றார். எழுதுவதற்குமுன் ஆசிரியரும் ஓவியரும் ஒரே இடத்தை ஒருங்கே காணல் என்பது அக்காலத் தமிழ் இதழியலில் அரிய நிகழ்வு.

கல்வெட்டு ஒரு வீரனின் பெயரைச் சொல்லும். அவன் கொண்டை முடிந்த விதத்தைச் சொல்லாது. வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி, பழுவேட்டரையர் ஆகியோரின் தோற்றம், அணி, ஆடை, நிற்கும் நிலை ஆகியவற்றை மணியம் வாரந்தோறும் முடிவுசெய்யவேண்டியிருந்தது. சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளையும் கோயிற் சிற்பங்களையும் நினைவூட்டும் முகங்களும் அணிகளும் அவரது படங்களில் காணப்படுகின்றன. நந்தினியின் சாய்ந்த கொண்டை வாசகர் நினைவில் கதைவரிகளுக்கு நிகராகப் பதிந்தது. பிற்காலத்தில் தொடர் மீண்டும் வெளியானபோது வினு, பத்மவாசன் முதலியோர் புதிதாக வரைந்தனர். அவர்களும் மணியம் வகுத்த முகங்களோடு உரையாடியே வரைய நேர்ந்தது. 2022, 2023-இல் வெளிவந்த திரைப்படங்களின் நடிகர் தோற்றம் பற்றி எழுந்த வாதங்களிலும் ஒப்புநோக்கு அளவுகோலாக அமைந்தவை பெரும்பாலும் இவ்வோவியங்களே.

8. இறுதி ஆண்டுகளும் பதிப்புச் சிக்கலும்

உடல்நலம் குன்றிய நிலையிலேயே கல்கி பொன்னியின் செல்வனை எழுதி முடித்தார். மாந்தர் பலரின் பின்வாழ்வு கூறப்படவில்லை என்னும் வாசகர் குறைக்கு விடையாக ஒரு முடிவுரையும் எழுதினார். 1954 டிசம்பர் 5 அன்று, தம் 55ஆம் வயதில் மறைந்தார். முற்றுப்பெறாத அமர தாராவை மகள் ஆனந்தி நிறைவுசெய்தார். 1956-இல் அலை ஓசைக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அவரது வாழ்வைச் சுந்தா, பொன்னியின் புதல்வர் என்னும் விரிவான நூலாக எழுதினார்.

நூற்றாண்டு நிறைவான 1999-இல் கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாயின. இதனால் பல பதிப்பகங்கள் குறைந்த விலையில் நூல்களை வெளியிட்டன. மாணவர் கைக்கும் அவை எட்டின. பள்ளிக்கல்வியை இடையில் துறந்த ஒருவரின் எழுத்து இவ்வாறு பரவியது பொருத்தமே. ஆயின் இழப்பும் நேர்ந்தது. பல மலிவுப் பதிப்புகளில் ஓவியங்கள் இல்லை. முதல் வெளியீட்டு விவரங்கள் இல்லை. வாரத் தொடரின் பகுப்பு எவ்வாறு இருந்தது என்னும் குறிப்பும் இல்லை. மணியத்தின் மூல ஓவியங்களுடன் விகடன் பிரசுரம் வெளியிட்ட பதிப்பு இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தது. அதன் விலை மலிவுப் பதிப்பின் வாசகருக்கு எட்டுவதன்று. இதழில் ஏழை வாசகரும் இரவல் வாங்கிக் கண்ட படம், நூலில் வசதியுடையோர்க்கு உரியதாயிற்று.

திறனாய்வும் இவ்விழப்பினின்று நீங்கவில்லை. க. நா. சு., க. கைலாசபதி முதலியோர் தொடர்கதை மரபின்மீது வைத்த விமர்சனங்களுள் வலுவானவை உண்டு. வாரத்திற்கொரு திருப்பம், மிகையுணர்ச்சி, முடியரசைப் பொலிவுறக் காட்டல் ஆகியவை மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் அவை பெரிதும் எழுத்தை மட்டும் அளவிட்டன. எழுத்தும் ஓவியமும் சேர்ந்து வாசகருக்கு எட்டிய கலைவடிவத்தை, எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து எடைபோடுவது பாதிப் பொருளை அளந்ததாகும்.

9. முடிவுரை

கல்கியின் வாழ்வு காவிரியோடு பிணைந்தது. மாயூரத்துக் கழனி, திருச்சிராப்பள்ளிப் பள்ளி, சிறை, இதழ் அலுவலகம் எனக் கடந்த அவர், உறையூர்த் தோணித்துறையிலிருந்தும் வீரநாராயண ஏரிக்கரையிலிருந்தும் வாசகரைப் பழங்காலத்திற்கு அழைத்தார். அப்பயணத்தில் சித்திரம் மூன்று நிலைகளில் செயற்பட்டது: பார்த்திபன் கனவில் கதைப்பொருளாக, சிவகாமியின் சபதத்தில் மாந்தரின் வேட்கையாக, பொன்னியின் செல்வனில் கதையோடு வந்த ஓவியமாக.

எனவே கல்கிக்குத் தேவைப்படும் ஆய்வுப்பதிப்பு, இதழ்ப் பாடத்தை மட்டுமன்றி இதழ் ஓவியத்தையும் பாடமாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு வார இதழிலும் எப்பத்திக்கு எப்படம் வைக்கப்பட்டது என்னும் பதிவு, கதையமைப்பு ஆய்வுக்கு முதன்மைச் சான்றாகும். இதழ்த் தாள்கள் நைந்து வருகின்றன. பழைய தொடர்களைப் பிரித்துத் தைத்து வைத்த வீட்டுத் தொகுப்புகளும் அருகி வருகின்றன. பார்த்திபன் தன் மகனுக்குத் திறந்து காட்டிய மண்டபத்தை ஒத்த அவ்வேடுகள், அடுத்த தலைமுறைக்குத் திறந்து காட்டப்படுமுன் அழிந்துவிடாமல் காப்பது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணியாகும்.